இணையத்தளத்தில் போடும் படம் யாருடையது? வன்னியில் எங்களுக்கு நடந்தவை

குளக்கரை, கிளிநொச்சி:

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இப்போது சிறிய தொழில் செய்பவர்கள்கூட இணையத்தளம் வைத்திருக்கிறார்கள். எருமைத் தயிர் விற்பவர், தங்குமிடம் நடத்துபவர், கோயில் பரிபாலன சபை, விளையாட்டுக் கழகம் என்று பலருக்கு நான் தளம் செய்து கொடுத்திருக்கிறேன். என்ன எழுதுவது என்பதைப் பற்றி எல்லாரும் மணிக்கணக்கில் கதைப்பார்கள். படம் என்று வந்ததும் "கூகிளில் நல்லதாய் ஒன்றை எடுத்துப் போடுங்கோ தம்பி" என்பதோடு கதை முடிந்துவிடும். அந்தப் பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு சம்பவத்தை எழுதுகிறேன். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள். புதிதாகத் தளம் தொடங்குபவர்களுக்கு உதவும்.

மாங்குளம் பக்கம் கச்சான், உழுந்து, பயறு பொதி செய்து விற்கும் அண்ணை ஒருவர். அவருடைய தளத்தை எனக்கு முன்னர் வேறொருவர் செய்திருந்தார். ஒருநாள் அண்ணைக்கு ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் வந்தது. முகப்பில் இருக்கும் கச்சான் படம் ஐரோப்பாவில் உள்ள படப்பிடிப்பாளர் ஒருவருடையது, உரிமம் வாங்கியதற்குப் பற்றுச்சீட்டு இருந்தால் அனுப்புங்கள், இல்லையென்றால் இத்தனை யூரோ கட்டுங்கள் என்று எழுதியிருந்தது. கூடவே அவருடைய பக்கத்தின் திரைப்பிடிப்பு. மேல் மூலையில் கடையின் பெயர், நடுவில் சாம்பல் நிறத் துணிமேல் மண்சட்டி நிறையக் கச்சான், கீழே திகதி, நேரம், படக்கோப்பின் முழு முகவரி. வீட்டில் எல்லாரும் "இது கள்ள மெயில், அழியுங்கோ" என்று நின்றார்கள்.

அழிக்க வேண்டாம் என்றேன். இப்படி வரும் கடிதங்களில் மோசடியும் உண்டு, உண்மையும் உண்டு. கூகிள் லென்ஸிலும் டின்ஐயிலும் அந்தப் படத்தைக் கொடுத்துத் தேடினோம். பட விற்பனைத் தளம் ஒன்றில் அதே சட்டி, அதே துணி, பக்கத்தில் விலை. சரி, கடிதம் உண்மை. உடனே படத்தைப் பக்கத்திலிருந்து எடுத்தோம். பலர் இதோடு நிறுத்திவிடுவார்கள். பக்கத்திலிருந்து எடுத்தாலும் கோப்பு சேர்வரில், அதாவது தளத்தைத் தாங்கும் கணினியில், அப்படியே கிடக்கும். கடிதத்தில் காட்டியிருந்ததே அந்தக் கோப்பின் முகவரியைத்தான். அதையும் அழித்தோம். பிறகு, உரிமையாளரின் சார்பில் எழுத உங்களுக்கு இருக்கும் அதிகாரத்தைக் காட்டுங்கள் என்று மரியாதையாக எழுதினோம். தொழில் எவ்வளவு சிறியது என்பதையும் சொன்னோம். அவர்கள் ஆவணம் அனுப்பினார்கள், தொகையைக் குறைத்தார்கள். இந்தத் தொகையோடு விடயம் முடிந்தது என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே அண்ணை காசு அனுப்பினார். படத்தை எடுத்துவிட்டால் கணக்கு முடிந்தது என்று நினைக்கக் கூடாது. எடுப்பது இனிமேல் பயன்படுத்துவதை நிறுத்தும். அதுவரை பயன்படுத்தியது நடந்தது நடந்ததுதான்.

அது அநியாயம் என்று அண்ணைக்கு இன்னும் மனக்குறை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சட்டி தேடி, துணி விரித்து, வெளிச்சம் பார்த்து எடுத்தவருக்கு அது உழைப்பு. அண்ணையின் முற்றத்தில் காயும் கச்சானை ஒருவர் சாக்கோடு தூக்கிக்கொண்டு போய் "வெளியில்தானே கிடந்தது" என்றால் விடுவாரா?

எங்கள் நாட்டுச் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் புகைப்படமும் பாதுகாக்கப்பட்ட ஆக்கம். எங்கும் பதியத் தேவையில்லை, வட்டத்துக்குள் சி எழுத்துப் போட்ட குறியும் தேவையில்லை. எடுத்த கணமே உரிமை வந்துவிடும். எடுத்தவர் இருக்கும்வரையும், இறந்து 70 ஆண்டுகள் வரையும் அது நிற்கும். வேண்டுமென்றே மீறினால் நீதவான் நீதிமன்றத்தில் 5 இலட்சம் ரூபா வரை தண்டம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். "வெளிநாட்டுக்காரன் படத்துக்கு இங்கே என்ன சட்டம்" என்றும் கேட்கிறார்கள். ஒரு நாட்டவரின் ஆக்கத்துக்கு மற்ற நாடுகளிலும் பாதுகாப்புக் கொடுக்கும் பேர்ன் உடன்படிக்கையில் இலங்கை 1959இலேயே சேர்ந்துவிட்டது. அவர்களுடைய படத்துக்கு இங்கே பாதுகாப்பு உண்டு. எங்களுடையதற்கு அங்கேயும் உண்டு.

இப்போது அண்ணையின் முகப்பில் அவருடைய தோட்டத்துக் கச்சான்தான் இருக்கிறது. மருமகள் போனில் எடுத்தது. சிவந்த மண் ஒட்டிய கொடியோடு பிடுங்கிப் போட்ட குவியல். பழைய படத்தைவிட எனக்கு இதுதான் பிடிக்கிறது.

முள்ளியவளை கமரா:

நான் மறுபக்கத்தில் நிற்பவன். ஸ்ரூடியோ வைத்திருக்கிறேன், என் படம்தான் களவு போனது.

முல்லைத்தீவுக் கரையில் விடியற்காலையில் கரைவலை இழுப்பவர்களை எடுத்த படம். கயிறு தோளில் பதிந்திருக்கும், முன்னால் நிற்பவரின் காலடியில் நுரை. கீழே வலது மூலையில் ஸ்ரூடியோவின் பெயர் போட்டு முகநூலில் இட்டிருந்தேன். பிறகு பார்த்தால் ஒரு சுற்றுலா நிறுவனத்தின் தளத்தில் முழு அகலத்துக்கு அதே படம். என் பெயர் இருந்த பகுதி மட்டும் வெட்டப்பட்டிருந்தது. நுரையும் அதோடு போய்விட்டது. கேட்டதற்கு, "முகநூலில் பொதுவாகத்தானே போட்டிருந்தீர்கள்" என்றார்கள்.

பொதுவாகப் போடுவது பார்ப்பதற்கு, எடுத்துப் பயன்படுத்துவதற்கு அல்ல. முகநூலில் போடும்போது அந்த நிறுவனத்துக்குத்தான் நாம் சில அனுமதிகளைக் கொடுக்கிறோம். வீதியால் போகிறவர் எல்லாருக்கும் கொடுக்கவில்லை. ஹெயிட்டியைச் சேர்ந்த டானியல் மோரெல் என்ற படப்பிடிப்பாளரின் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். 2010 ஜனவரியில் நிலநடுக்கம் வந்த அன்றே எடுத்த படங்களை அவர் டுவிட்டர் மூலம் வெளியிட்டார். இன்னொருவர் அவற்றைத் தன்னுடையவை போலப் போட, ஏஎஃப்பி செய்தி நிறுவனம் எடுத்து விநியோகித்தது, பட விற்பனை நிறுவனமான கெட்டி இமேஜஸ் மூலமும் போனது. டுவிட்டரில் போட்டால் எவரும் எடுக்கலாம் என்ற வாதம் எடுபடவில்லை. 2013இல் நியூயோர்க்கில் ஜூரிகள் அவருக்கு 12 இலட்சம் டொலர் வழங்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார்கள். எங்கள் நிலத்தின் துயரத்தையும் யார் யாரோ எடுத்து, யார் யாரோ பெயரில் போட்டதைப் பார்த்தவர்கள் நாங்கள். அந்த வழக்கை வாசித்தபோது மனதுக்கு ஒரு பலம் வந்தது.

என் விடயத்தில் நீதிமன்றம் போகவில்லை. முதலில் பக்கத்தைத் திரைப்பிடிப்பு எடுத்து, இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளை வைத்திருக்கும் வேபாக் மெஷினிலும் சேமித்தேன். மூலக்கோப்பு, அதாவது கமராவிலிருந்து வந்த வெட்டாத முழுப்படம், என்னிடம் இருந்தது. அதைவிடப் பெரிய சாட்சி வேறில்லை. தளத்தின் சேர்வர் அமெரிக்காவில் இருந்தது. அந்த நாட்டின் 1998ஆம் ஆண்டு டிஎம்சிஏ என்ற பதிப்புரிமைச் சட்டப்படி சேர்வர் நிறுவனத்துக்கே அறிவித்தல் அனுப்பலாம். என் படம் எது, அவர்கள் போட்டிருக்கும் முகவரி எது, என் தொடர்பு விபரம், நல்லெண்ணத்தோடு எழுதுகிறேன் என்ற உறுதிமொழி, சொல்வது சரி என்ற உறுதி, கையெழுத்து. சட்டத்தரணி தேவைப்படவில்லை. படம் இறக்கப்பட்டது. மன்னிப்பு வரவில்லை, அதைப் பற்றி இன்றும் கோபம்தான்.

அண்மைய கமராக்களில் உரிமையாளர் பெயரைப் பதியும் வசதி அமைப்புகளுக்குள் இருக்கிறது. ஒருமுறை எழுதிவிட்டால் ஒவ்வொரு கோப்பிலும் பெயர் தானாக ஏறும். எங்கள் பகுதிப் பிள்ளைகள் கமரா வாங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை அது.

இன்னொன்று. கலியாண வீட்டுக்காரர் காசு கொடுத்ததால் படத்தின் பதிப்புரிமை அவர்களுக்கு என்று நினைக்கிறார்கள். எழுத்தில் மாற்றிக் கொடுக்காதவரை அது எடுத்தவரிடமே இருக்கும். சம்பளத்துக்கு வேலை செய்யும் படப்பிடிப்பாளர் வேலையின்போது எடுத்தால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் முதலாளிக்கு. இதைச் சொல்லும்போதே இதையும் சொல்கிறேன்: உரிமை என்னிடம் இருக்கிறது என்பதற்காக ஒரு பிள்ளையின் கலியாணப் படத்தை அவரைக் கேட்காமல் என் தளத்தில் நான் போடுவதில்லை. பதிப்புரிமை ஒன்று, அந்த முகத்துக்கு உரியவரின் சம்மதம் வேறொன்று.

பழைய மாணவி, ஜேர்மனி:

தம்பிமார் இருவரும் எழுதியதை வாசித்தேன். எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் தளம் இங்கே ஜேர்மனியிலிருந்துதான் நடக்கிறது. ஊர்ப் பாடசாலைக்காக என்பதால் சங்கத்தில் பலர், "கல்விக்குத்தானே, எந்தப் படமும் போடலாம்" என்றார்கள். நியாயமான பயன்பாடு என்று இலங்கைச் சட்டத்தில் ஓர் இடம் இருக்கிறது, கற்பித்தலும் விமர்சனமும் அதற்குள் வரும். ஆனால் வகுப்பறைக்குள் காட்டுவதும் உலகம் முழுக்கப் பார்க்கும் தளத்தில் ஏற்றுவதும் ஒன்றல்ல.

இங்கே நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். வால்ட்ரொப் என்ற ஊரின் பாடசாலையில் ஒரு பிள்ளை ஸ்பெயின் நாட்டுக் கோர்டோபா நகரத்தைப் பற்றிய ஒப்படைக்குப் பயணத் தளம் ஒன்றிலிருந்து படம் எடுத்திருக்கிறது. எங்கிருந்து எடுத்தது என்றும் கீழே ஒழுங்காக எழுதியிருக்கிறது. பாடசாலை அந்த ஒப்படையைத் தன் தளத்தில் ஏற்றியது. படத்தை எடுத்த டிர்க் ரெங்க்கோஃப் தான் அந்தப் பயணத் தளத்துக்கு மட்டுமே அனுமதி கொடுத்ததாகச் சொல்லி வழக்குப் போட்டார். கேட்ட நட்டஈடு 400 யூரோ. அந்தச் சிறிய தொகைக்கான வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 2018 ஆகஸ்ட் 7ஆம் திகதி, இன்னொரு தளத்தில் மீண்டும் ஏற்றுவதற்குப் புதிதாக அனுமதி வேண்டும் என்று முடிந்தது. 'நன்றி, கூகிள்' என்று கீழே எழுதினால் போதும் என்று நினைக்கும் எங்கள் ஆட்களுக்கு இந்த வழக்கை நான் மனப்பாடமாகச் சொல்லுவேன். கூகிள் யாருடைய படத்தையும் எடுக்கவில்லை, தேடிக் காட்டுகிறது. நன்றி சொல்ல வேண்டிய ஆள் வேறு.

எங்களுக்கு அதைவிடக் கடினமாக இருந்தது பழைய படங்கள். 2008, 2009இல் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வன்னிக் குடும்பங்கள் அல்பங்களை எல்லாம் விட்டுவிட்டு ஓடின. பாடசாலையிலும் ஒன்றும் மிஞ்சவில்லை. கனடாவில் ஓர் அக்காவிடம் எண்பதுகளில் எடுத்த விளையாட்டுப் போட்டிப் படம் இருந்தது. இல்ல அலங்காரத்துக்கு முன்னால் அணிவகுப்பு, பின்னால் ஓலைக் கொட்டகை. படத்தின் பின்பக்கத்தில் ஊதா மையில் ஒரு ஸ்ரூடியோவின் முத்திரை. "படம் அக்காவிடம் இருக்கிறது, அக்கா சம்மதம், போடுவோம்" என்றார்கள். அக்காவிடம் இருப்பது தாள். உரிமை அந்த ஸ்ரூடியோக்காரருடையது. அவர் காலமாகிவிட்டார், ஆனால் 70 ஆண்டு ஆகவில்லை, ஆகவே பிள்ளைகளிடம் கேட்க வேண்டும். ஆளுக்காள் தொலைபேசி எடுத்து விசாரித்தோம். மகன் வவுனியாவில் இருக்கிறார் என்று தெரியவந்தது. தந்தை எடுத்த படம் ஒன்றுகூடத் தங்களிடம் இல்லை என்றார் அவர். காசு எதுவும் கேட்கவில்லை. படத்தின் கீழே அப்பாவின் பெயரைப் போடுங்கள், எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள் என்று மட்டும் கேட்டார்.

கேட்காமல் போட்டிருந்தால் அந்த மனிதருக்குத் தன் தந்தையின் ஒரு படம்கூடக் கிடைத்திருக்காது. சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் செய்ய வேண்டாம் என்று நான் சொல்வது அதனால்தான்.

வட்டுவாகல்:

அப்படியென்றால் விக்கிப்பீடியாவில் இருக்கும் படம்? அதுவும் கூடாதா?

குளக்கரை, கிளிநொச்சி:

அது கூடும், நிபந்தனையோடு. விக்கிமீடியா கொமன்ஸில் உள்ள படங்களில் பெரும்பாலானவை கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில், அதாவது நிபந்தனையோடு எவரும் பயன்படுத்தலாம் என்று எடுத்தவரே முன்கூட்டிக் கொடுத்த அனுமதியில், இருக்கின்றன. படத்தைச் சொடுக்கினால் கீழே உரிமம் தெரியும். எடுத்தவர் பெயர், உரிமத்தின் பெயர், இரண்டுக்கும் இணைப்பு, மாற்றியிருந்தால் மாற்றினேன் என்ற குறிப்பு. இவ்வளவும் போட்டால் வியாபாரத் தளத்திலும் பயன்படுத்தலாம். பிளிக்கர் போன்ற படப்பகிர்வுத் தளங்களில் மட்டும் கவனம், அங்கே வர்த்தகத்துக்கு ஆகாது, மாற்றக் கூடாது என்ற வகைகளும் உண்டு. அன்ஸ்பிளாஷ், பிக்சபே என்ற இலவசப் படத் தளங்களில் உள்ள படங்களுக்குப் பெயர்கூடக் கட்டாயமில்லை. ஆனால் அங்கே கிடைக்கும் வயலும் குளமும் வேறு நாட்டினுடையவை. வியட்நாம் வயலைப் போட்டு இரணைமடுக் கீழ்ப்பகுதி வயல் என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியாது. குளத்தை மேலிருந்து காட்ட வேண்டுமென்றால் லாண்ட்சாட் செய்மதிப் படங்கள் இருக்கின்றன. அமெரிக்க அரசு வெளியிடுபவை, பதிப்புரிமை இல்லை. கூகிள் மேப் படத்தை வெட்டி ஒட்டுவது அப்படியல்ல, அதற்குத் தனி நிபந்தனைகள் உண்டு.

பெண்கள் சங்கம், புதுக்குடியிருப்பு:

கமராத் தம்பி முகத்தைப் பற்றிச் சொன்னதில் ஒரு வார்த்தை. எங்கள் சங்கத்து அம்மா ஒருவர் பனையோலைப் பெட்டி பின்னும் படத்தை உதவி நிறுவனம் ஒன்று எடுத்தது. எடுத்தவர்கள் அவர்கள், உரிமை அவர்களுடையது, சரி. ஆனால் தங்கள் தளத்தில் 'கணவனை இழந்து ஆதரவற்ற நிலையில்' என்று எழுதிப் போட்டுவிட்டார்கள். அம்மாவின் மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். தோழிகள் காட்டித்தான் அவளுக்கே தெரியும். அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. நாங்கள் கடிதம் எழுதி எடுப்பித்தோம். இப்போது யார் கமராவோடு வந்தாலும், எங்கே போடுவீர்கள், கீழே என்ன எழுதுவீர்கள் என்று முதலில் கேட்கிறோம். எழுதித் தந்தால் எடுக்கலாம்.

அண்ணைமார், அனுமதி கேட்கும் கடிதத்துக்கு ஒரு மாதிரி இருந்தால் போடுங்கள்.

குளக்கரை, கிளிநொச்சி:

அக்கா, நாங்கள் பாவிப்பது இது. எங்கள் சட்டப்படி உரிமம் எழுத்தில், கொடுப்பவரும் பெறுபவரும் கையெழுத்திட்டதாக இருக்க வேண்டும் என்பதால், வாட்ஸ்அப்பில் "ஓம்" என்று வந்தாலும் பிறகு இதில் கையெழுத்து வாங்கிவிடுவோம்.

"நீங்கள் எடுத்த (படத்தின் விபரம்) படத்தை எங்கள் (தளத்தின் பெயர்) தளத்தில் (எந்தப் பக்கம்) பயன்படுத்த விரும்புகிறோம். படத்தின் கீழே உங்கள் பெயரை (எப்படிப் போட வேண்டும்) என்று இடுவோம். வெட்டுவதோ நிறம் மாற்றுவதோ என்றால் உங்களைக் கேட்போம். வேறு எவருக்கும் கொடுக்க மாட்டோம். இதற்கான கட்டணம் (தொகை, அல்லது இல்லை). படத்தில் உள்ளவர்களின் சம்மதம் (பெறப்பட்டது, பெறப்படவில்லை). அனுமதி (காலம்) வரை."

இரண்டு பிரதி எடுத்து இரண்டிலும் இருவரும் கையெழுத்து வைக்க வேண்டும். ஒன்று எடுத்தவருக்கு, மற்றது தளம் வைத்திருப்பவருக்கு. படம் தளத்தில் இருக்கும்வரை அந்தத் தாளை எறிய வேண்டாம்.