அமெரிக்கக் குடியேற்றங்களில் பஞ்சாங்கம்: வாசிக்கப்பட்டதா, புரட்டிப் பார்க்கப்பட்டதா?

கேள்வி

18ஆம் நூற்றாண்டில் பிரிட்டனின் வட அமெரிக்கக் குடியேற்றங்களில், விவிலியத்துக்கு அடுத்தபடியாக வீடுகளில் மிகுதியாக இருந்த அச்சுநூல் ஆண்டுப் பஞ்சாங்கமே என்பர். நாள் பார்க்க எடுத்த ஏட்டை வாசிப்பு வரலாற்றில் சேர்ப்பது பொருந்துமா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1

பொருந்தும் என்பதே என் உறுதியான கருத்து. மாசச்சூசெட்ஸின் கேம்பிரிட்ஜ் அச்சகம் தன் தொடக்க வெளியீடுகளுள் ஒன்றாக 1639இல் அச்சிட்டதே ஒரு பஞ்சாங்கம்தான். சூரிய உதயம், அத்தமனம், நிலவின் பிறைகள், கடல் ஏற்ற இறக்கம், நீதிமன்றம் கூடும் நாள்கள், ஊர்களுக்கு இடையிலான சாலைத் தொலைவு என, கடிகாரமும் வரைபடமும் அரிதாக இருந்த வீட்டுக்கு வேண்டியவற்றையெல்லாம் ஒரே மெல்லிய ஏடு தந்தது. தலைக்கு மேடம் முதல் பாதத்துக்கு மீனம் வரை ராசிகளை உடலுறுப்புகளோடு இணைத்துக் காட்டும் மனித உருவமும் பலவற்றில் இருந்தது. குருதி வடிக்க நாள் குறிக்க அதைப் பார்த்தனர்.

ஆனால் உங்கள் கேள்விக்கு நேரான விடை, மாதப் பட்டியலின் இடைவெளிகளில் இருக்கிறது. அங்கே அச்சகத்தார் செய்யுள்களையும் பழமொழிகளையும் சேர்த்தனர். பெஞ்சமின் பிராங்கிளின் 1732 இறுதியில் பிலடெல்பியாவில் தொடங்கி, 1758ஆம் ஆண்டுக்கான ஏடு வரை நடத்திய 'ஏழை ரிச்சர்டு' பஞ்சாங்கம் ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 படிகள் விற்றது. வேறு நூல்களை அரிதாகவே வாங்கிய எளிய மக்களிடம் அறிவுரையைக் கொண்டுசேர்க்க அதுவே தக்க வழி என்று எண்ணியதாக அவரே தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். விற்றவரே வாசகரை எதிர்பார்த்துத்தான் எழுதினார்.

மறுமொழி 2

மேலே சொன்னதோடு, அதில் மக்கள் எழுதியதையும் சேர்க்க வேண்டும். அச்சுத் தாள்களுக்கு இடையே வெற்றுத் தாள்களைத் தைத்து, வானிலை, விதைப்பு, கடன், பிறப்பு, இறப்பு ஆகியவற்றைக் குறித்து வைத்தனர். ஜார்ஜ் வாஷிங்டன் 1760களில் தம் நாட்குறிப்பை 'வர்ஜீனியா பஞ்சாங்கத்தின்' இடைத்தாள்களில்தான் எழுதினார். வாசித்தவரின் கையெழுத்தே இவ்வளவு தெளிவாக எஞ்சியிருக்கும்போது, வாசிப்புக்கு வேறு சான்றைத் தேட வேண்டியதில்லை. பிரிட்டன் நாள்காட்டியைத் திருத்தியதால் 1752 செப்டம்பர் 2ஆம் நாளை அடுத்து 14ஆம் நாள் வந்தபோது, அந்த மாற்றத்தைக் குடும்பங்களுக்கு விளக்கியவையும் பஞ்சாங்கங்களே.

மறுமொழி 3

அரசும் அதை அச்சு வாசிப்பின் ஒரு பகுதியாகவே கண்டது. 1765ஆம் ஆண்டின் முத்திரைச் சட்டம் செய்தித்தாள்களோடும் துண்டு நூல்களோடும் பஞ்சாங்கத்துக்கும் வரி விதித்தது: ஒரு பக்கம் மட்டும் அச்சிட்ட தாளுக்கு 2 பென்ஸ், மற்றவற்றுக்கு 4 பென்ஸ். தொலைவிலிருந்த நாடாளுமன்றத்தின் வரி, செய்தித்தாள் வாங்காத உழவர் வீட்டையும் இதன் வழியே எட்டவிருந்தது. கடும் எதிர்ப்பால் 1766இல் அச்சட்டம் நீக்கப்பட்டது.