வீட்டில் பிள்ளையோடு எந்த மொழியில் பேசுவது? ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

"வீட்டிலும் ஆங்கிலம் பேசுங்கள், இல்லாவிட்டால் பிள்ளை பள்ளியில் பின்தங்கிவிடும்" என்ற அறிவுரை, நீங்கள் இங்கு வந்த சில மாதங்களிலேயே உங்கள் காதில் விழும். என் மகளின் பகல்நேரக் காப்பகத்தில் எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அதை நம்பி, ஐந்து மாதம் என் தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் அவளோடு பேசியதை இன்றும் வருத்தத்தோடு நினைக்கிறேன்.

ஆறு மாதக் குழந்தைக்கு எந்த மொழியின் ஒலிகளையும் பிரித்துணரும் திறன் உண்டு. ஒரு வயது நெருங்கும்போது, தன்னைச் சுற்றிக் கேட்காத ஒலிகளின் வேறுபாடு அதற்கு மங்கத் தொடங்குகிறது. 'பல்லி', 'பள்ளி' இரண்டும் அதன் காதில் வேறுவேறாக விழ வேண்டுமென்றால் தொட்டிலிலிருந்தே தமிழில் பேச வேண்டும். ஒரு வயதளவில் முதற்சொல்லும், இரண்டு வயதளவில் "பால் தா" போன்ற தொடரும் வரும். பிள்ளைக்கு எத்தனை சொற்கள் வந்திருக்கின்றன என்று எண்ணும்போது இரண்டு மொழிகளையும் சேர்த்தே எண்ணுங்கள். இரண்டு வயதாகியும் சொற்கள் சேரவில்லையென்றால், இருமொழிச் சூழல்தான் காரணம் என்று காத்திராமல் குடும்ப மருத்துவரிடம் செவித்திறன் பரிசோதனை கேளுங்கள்.

உண்மையில் கவனம் தேவைப்படும் காலம், ஒன்ராறியோவில் நான்கு வயதில் தொடங்கும் பாலர் வகுப்புத்தான். முதல் சில மாதங்கள் பிள்ளை வகுப்பில் வாய் திறக்காதிருப்பது இயல்பு. பிறகு வீட்டிலும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லும். "சோறு வேண்டுமா?" என்றால் என் மகள் "நோ, ஐ வாண்ட் பாஸ்தா" என்பாள். அவளைக் கடிந்துகொள்ளாமல், "ஓ, பாஸ்தா வேண்டுமா? சீஸ் போடட்டுமா?" என்று தமிழிலேயே தொடர்ந்தேன். இரண்டு மூன்று வாரத்தில் "சீஸ் வேண்டாம்" என்றாள்.

விளையாட்டுத்திடல் ஆங்கிலம் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் வந்துவிடும். பாடப்புத்தக ஆங்கிலம் நிலைபெற ஐந்து முதல் ஏழு ஆண்டுகள்கூட ஆகலாம். அந்த நீண்ட காலத்தில், காரணம் காட்டி விளக்கவும் ஒரு கதையைக் கோர்வையாகச் சொல்லவும் தமிழில் பழகிய பிள்ளைக்கு அந்தத் திறன் ஆங்கிலத்திலும் கைகொடுக்கும்.

பதின்ம வயதில் சிக்கல் வேறு. என் மகள் பன்னிரண்டு வயதில் தொலைபேசியில், "அம்மம்மா, நீ எப்ப வாறாய்?" என்று கேட்டாள். மரியாதைக் குறைவாக அவள் நினைக்கவே இல்லை. நான் அவளோடு பேசிய 'நீ'யைத் தவிர வேறொன்றை அவள் அதிகம் கேட்டதில்லை. அதன்பின், பெரியவர்களோடு நாங்கள் பேசும்போது அவளையும் பக்கத்தில் இருத்திக்கொண்டோம். பள்ளிச் சபைகள் நடத்தும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பிலும் சேர்த்தோம். உயர்நிலைப் பள்ளியில் தமிழைத் திறமைச் சான்றுப் பாடமாகவும் (கிரெடிட், அதாவது பள்ளிப் படிப்பை முடிப்பதற்குக் கணக்கில் சேரும் பாடம்) எடுக்கலாம் என்பதால், உங்கள் பள்ளிச் சபையில் இப்போதே விசாரித்து வையுங்கள்.