மார்ச் மாதம் ராரிட்டன் விரிகுடா: கரையில நின்னு ஸ்ட்ரைப்டு பாஸ் பிடிக்க முடியுமா?

எடிசன்_புதுசு:
நியூ ஜெர்சி எடிசன் ஊருக்கு வந்து இதுதான் முதல் குளிர்காலம். ஊர்ல முட்டுக்காடு பக்கம் தூண்டில் போட்ட பழக்கம் உண்டு. இங்க பத்தடி ராடு வாங்கி வெச்சிருக்கேன், கை அரிக்குது. ஸ்ட்ரைப்டு பாஸ்னு உடம்புல வரி போட்ட மீன் இருக்கே, அதைப் பிடிக்கிற சீசன் மார்ச் 1-ல திறக்குதாமே? சாண்டி ஹூக் போகலாமா, கீபோர்ட் பக்கமா? லைசென்ஸ் வேணுமா? குழம்புக்கு மீன் வருமான்னு வீட்ல கேள்வி வேற.

கீபோர்ட்_அண்ணாச்சி:
தம்பி, நியூ ஜெர்சியில உப்புத்தண்ணிக்கு லைசென்ஸ் கிடையாது. வருஷா வருஷம் இலவசமா ஒரு பதிவு, ஆன்லைன்லயே முடிஞ்சிடும்.

மார்ச் 1-ல திறக்கிறது ஆறும் விரிகுடாவும். ஆனா கதவு திறந்த அன்னிக்கே மீன் வாசல்ல வந்து நிக்காது. தேதியை விடுங்க, தண்ணியோட சூட்டைப் பாருங்க. சாண்டி ஹூக்ல நோவாங்கிற அமெரிக்க அரசுக் கடல்-வானிலைத் துறையோட நிலையம் இருக்கு, அது காட்டுற தண்ணி வெப்பம் நெட்லயே கிடைக்கும். 45 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டா நான் ரீலுக்கு எண்ணெய் விடுவேன். 50 தொட்டா ஆபீஸ்ல உடம்பு சரியில்லேன்னு சொல்லிடுவேன்.

சாண்டி ஹூக் கடல் பக்கத்தை மே மாசத்துக்கு வெச்சுக்கோங்க. இப்போ வேண்டியது விரிகுடாவோட உள்மூலை: கிளிஃப்வுட் பீச், கீபோர்ட், யூனியன் பீச். அங்க ஆழமே இல்ல, வத்தத்துல, அதாவது கடல் உள்வாங்கற நேரத்துல, கருஞ்சேறு வெளிய தெரியும். மத்தியான வெயில்ல அந்தச் சேறு சூடேறும். மேல நிக்கிற தண்ணியும் சூடாகி, வத்தம் இழுக்கும்போது ஓடை வழியா வெளிய வரும். மீன் அந்த ஓடை வாய்லதான் நிக்கும். அதனால பிற்பகல்ல வத்தம் விழற நாளாப் பாத்துப் போங்க. விடியக்காலைத் தூண்டில்ங்கிற நம்மூர்க் கணக்கு இங்க மார்ச்சுல எடுபடாது.

இரை, பிளட்வார்ம்ங்கிற கடல் புழு. மெய்ன் மாநிலத்துச் சேத்துல தோண்டி, கடல்பாசியில சுத்தி அனுப்புவாங்க. விலையைக் கேட்டா மயக்கம் வரும். எடுக்கும்போது தலைப்பக்கம் ஜாக்கிரதை. உள்ளருந்து ஒரு குழல் சட்டுனு பிதுங்கும், நுனியில நாலு கறுப்புப் பல்லு. அந்தப் பல்லுல செம்பு இருக்குங்கறது விஞ்ஞானிகளுக்குச் சந்தோஷம், நமக்குத் தேனீ கொட்டின மாதிரி எரியும். கழுத்தைப் பிடிச்சு, பல்லு வெளிய வந்த நேரம் பாத்து வாய் வழியா முள்ளை ஏத்துங்க, வால் கொஞ்சம் தொங்கட்டும்.

இரை வெச்சு பாஸ் பிடிச்சா சர்க்கிள் முள்தான் சட்டம், அதாவது நுனி உள்பக்கமா வளைஞ்ச தூண்டில் முள், அதுவும் நுனி பக்கவாட்டுல கோணாதது. ஈயம் தங்கூஸ்ல தாராளமா ஓடணும், 3 அவுன்ஸ் போதும். குளிர்ல மீன் இரையைத் தூக்கிட்டு ஓடாது. ராடு நுனி ரெண்டு தடவை தலையாட்டும், அவ்வளவுதான். அப்போ வெட்டி இழுக்கக் கூடாது. ராடு வளைஞ்சப்புறம் நிதானமா சுத்துங்க, முள் வாயோரத்துல தானா மாட்டிக்கும்.

பெர்த்அம்பாய்_பாபு:
அண்ணாச்சி புழுவுக்கே சொத்தை எழுதி வெச்சிடுவார். நான் அரை அவுன்ஸ் ஜிக் தலையில (ஈயக் குண்டு வெச்ச முள்) வெள்ளை ரப்பர் மீன்தான், சேத்தைத் தொட்டும் தொடாம இழுப்பேன். மார்ச் கடைசியில அந்தி நேரத்துக்கு இதுவே போதும். ஏப்ரல்ல பங்கர்ங்கிற எண்ணெய்ச்சத்து மீன் கூட்டம் உள்ள வந்துட்டா புழுவை எவன் சீண்டுறான், பங்கர் துண்டுதான்.

வேடர்ங்கிற தண்ணி புகாத நீளக் கால்சட்டையை மாட்டிக்கிட்டு சேத்துல இறங்கிடாதீங்க எடிசன். கால் புதைஞ்ச நேரத்துல ஏத்தம் வந்து தண்ணி ஏறினா அந்தக் குளிர்ல கை வேலை செய்யாது. லாரன்ஸ் ஹார்பர் கடற்சுவர் பக்கம் வேலியோ எச்சரிக்கைப் பலகையோ பாத்தா தாண்டக் கூடாது. ஈயக் கசடு கொட்டின இடம், 2009-ல சூப்பர்ஃபண்ட் பட்டியல்ல, அதாவது சுத்தம் பண்ண வேண்டிய நச்சு இடங்களோட அமெரிக்க அரசுப் பட்டியல்ல, சேத்தாங்க.

மெட்டச்சன்_மீனா:
குழம்புக் கேள்விக்கு ஆம்பளைங்க யாரும் பதில் சொல்லலையே!

28 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, 31-க்கு மேல போகக் கூடாது, தலைக்கு ஒண்ணு. 2023-லருந்து இந்த 31 கணக்கு. போறதுக்கு முன்னாடி அந்த வருஷ விதியை மாநிலத் தளத்துல பாத்துக்கோங்க. மார்ச்ல கரைக்கு வர்றது பெரும்பாலும் அளவு பத்தாத குட்டிதான், அப்படியே திருப்பி விடணும்.

அளவுக்குச் சரியா கிடைச்சாலும் குழம்பு வைக்காதீங்க. இந்தத் தண்ணி மீன்ல பிசிபி இருக்கு, அது கொழுப்புல தங்கற விஷம். குழம்புல போட்டா கொழுப்பு அப்படியே சாறுல இறங்கிடும், அதைத்தான் நாம சோத்துல பிசைஞ்சு அடிக்கிறோம். தோல், வயித்துக் கொழுப்பு, பக்கவாட்டுல ஓடுற கருஞ்சதை எல்லாத்தையும் வெட்டி எறிஞ்சிட்டு, கம்பித் தட்டுல வெச்சு கொழுப்பு கீழ சொட்டற மாதிரி சுடுங்க. மிளகும் எலுமிச்சையும் போதும். எப்போவாவது ஒரு வேளைன்னா பரவாயில்ல. கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைங்களுக்கும் கொடுக்கவே கொடுக்காதீங்க.

எடிசன்_புதுசு:
மீனாக்கா, நல்லவேளை சொன்னீங்க, வீட்ல புளி கரைக்காததுதான் பாக்கி. அண்ணாச்சி, சனிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு ஏத்தம் உச்சம்னு காட்டுது. வரலாமா?

கீபோர்ட்_அண்ணாச்சி:
நேரம் சரிதான் தம்பி. காத்தைப் பாத்துட்டு சொல்லுங்க. வடகிழக்குன்னா வீட்லயே இருங்க, வெளிக்கடல் குளிர்ந்த தண்ணியை உள்ள தள்ளிடும், மூஞ்சிலயே அடிக்கும். தென்மேற்குன்னா ரெண்டு மணிக்கு கீபோர்ட் வந்துடுங்க. இரை விக்கிற கடைக்கு முந்தின நாளே போன் போட்டுடுங்க, மார்ச்ல பாதி நாள் பூட்டுதான். விரல் வெட்டின கையுறை எடுத்துக்கோங்க. புழுவை நான் கோத்துத் தர்றேன்.