வீட்டு முகவரின் கடிதத்தில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் 3 லட்சம் வெள்ளிக்கு (ரிங்கிட்) பழைய வீடு. கொள்முதல் கடிதத்தில் கையெழுத்து, 2 விழுக்காடு முன்பணம் கேட்கிறார் முகவர். கமிஷனும் நான்தான் கட்டணுமா?

பதில் 1: கமிஷன் அவரை நியமித்தவர் தருவது, பெரும்பாலும் விற்பவர்தான். உச்சவரம்பு 3 விழுக்காடு.

பதில் 2: அந்த 6,000 வெள்ளியை அவர் சொந்தக் கணக்கில் போடவே போடாதீங்க அண்ணே. நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்குக்கு மட்டும், ரசீதோட. கழுத்து அட்டையிலுள்ள ஆர்இஎன் எண்ணை (முகவரின் பதிவு எண்) முகவர்களைப் பதிவு செய்யும் வாரியத்தின் இணையப் பக்கத்தில் சரிபாருங்க.

பதில் 3: கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் முழுதும் திரும்பும் என்ற வரி கடிதத்தில் இருக்கா? எத்தனை வங்கியின் மறுப்புக் கடிதம், எத்தனை நாளுக்குள் என்பதும் வேணும். வாய்ப்பேச்சு செல்லாது, வங்கி கைவிரித்ததும் பணம் போயிடலாம். குத்தகை நிலமென்றால் மாநில ஒப்புதல் கிடைக்காத நிலையையும் சேர்க்கச் சொல்லுங்க.