பங்கு ௧: திருவாரூர்ச் சிறுமி கேட்டவை

தஞ்சைப் பெரிய கோயிலின் வடக்குத் திருச்சுற்று மதிலின் வெளிப்புறத்தில் நான் கல்வெட்டு வாசித்துக்கொண்டிருந்தபோது, தாயுடன் திருவாரூரிலிருந்து வந்திருந்த பள்ளிச் சிறுமி ஒருத்தி அருகில் வந்து நின்றாள். புள்ளியில்லாத அந்தப் பழைய எழுத்துகளுக்கிடையே அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது ஓர் எழுத்துதான். "தாத்தா, இந்த 'க' மட்டும் ஏன் அங்கங்கே தனியா நிக்குது?" என்று கேட்டாள். அது எழுத்தன்று, ஒன்று என்னும் எண், 'பங்கு ௧' என்று படிக்க வேண்டும் என்றேன்.

மன்னரின் புகழைத்தான் வெட்டியிருப்பார்கள் என்று அதுவரை எண்ணியிருந்த தாயும் நெருங்கி வந்தார். சோழ நாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்து முதலாம் இராசராசன் கொண்டுவந்து குடியேற்றிய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயிலைச் சார்ந்த தெருக்களில் குடியிருந்து கோயில் பணி செய்த ஆடல் மகளிரின் பெயர், அவரவர் ஊர், குடியிருந்த சிறகு (தெருவின் வீட்டு வரிசை), வீட்டின் எண் ஆகிய அனைத்தும் அந்த மதிலில் உள்ளன. தெற்குத் தளிச்சேரியின் தென்சிறகில் தலைவீடு நக்கன் சேரமங்கைக்கு உரியது. அவர் திருவையாற்றிலிருந்து வந்தவர். ஒரு பங்கு என்பது, ஆடவல்லான் என்னும் மரக்காலால் (தானிய அளவையால்) அளந்து ஆண்டுதோறும் கொடுத்த நூறு கலம் நெல். இவ்வளவையும் கேட்டபின் சிறுமி கேட்டது, "எங்க ஊர்லேருந்து யாராவது வந்தாங்களா?" என்பதுதான். ஆரூர்ப் பெண்டுகள் பலர் இருக்கிறார்கள் என்றதும், அவள் கண் மதிலை விட்டு அகலவில்லை. வரலாற்றுப் பாடத்தால் வாராத ஆர்வம், தன் ஊர்ப் பெயரைக் கல்லில் தேடும்போது வந்துவிடுகிறது. இதைப் பலரிடம் கண்டிருக்கிறேன்.

தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் 66ஆம் எண்ணாக இக்கல்வெட்டு அச்சாகியிருப்பதைச் சொல்லி, என் தொலைபேசி எண்ணையும் கொடுத்தேன். சில வாரங்கள் கழித்துத் தாய் அழைத்தார். இருவரும் அத்தொகுதியைத் தேடிப் படித்து, ஆரூர்ப் பெயர்களையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவிட்டார்களாம். அடுத்து மகள், ஒருத்தி இறந்துவிட்டால் அவளுடைய நெல் யாருக்குப் போகும் என்று கேட்கிறாள் என்றார். அதற்கும் அக்கல்வெட்டிலேயே விடை இருக்கிறது: இறந்தவருக்கு அடுத்த உறவினர் அப்பங்கைப் பெற்றுப் பணி செய்ய வேண்டும், அவருக்குத் தகுதியில்லையெனில், தகுதியுள்ள வேறொருவரை அவரே அமர்த்த வேண்டும்.