‘சொற்படி’ சரி, ‘நோக்கப்படி’ வேண்டாம்

அண்ணாச்சிக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம்.

நம் மேசை விளையாட்டுகளுக்கான தமிழ்ச் சொற்பட்டியலில், விதியை எழுதியிருக்கிறபடியே கொள்ளும் ‘ரூல்ஸ் ஆஸ் ரிட்டன்’ என்பதற்கு நீங்கள் சொன்ன ‘சொற்படி’ எனக்கு முழுச் சம்மதம். எழுதியவர் நினைத்தபடி கொள்ளும் ‘ரூல்ஸ் ஆஸ் இன்டெண்டட்’ என்பதற்கு ‘நோக்கப்படி’ என்று வைப்பதைத்தான் ஏற்க முடியவில்லை. யாருடைய நோக்கம்? விதியை எழுதியவர் எங்கோ இங்கிலாந்தின் நாட்டிங்காமில் இருக்கிறார், நாம் பாளையங்கோட்டையில் ஒரு மாடியில் டேப்பை வைத்து அங்குலம் அளந்துகொண்டிருக்கிறோம், அவர் மனதில் என்ன இருந்தது என்று நம்மில் ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் ‘அவர் நோக்கம் இதுதான்’ என்று முதலில் குரலை உயர்த்துகிறவர் பக்கம் ஆட்டம் போய்விடுகிறது. அந்தச் சொல்லே அவருக்குத் துணை போகிறது.

சிறு பொம்மை வீரர்களை (மாடல்களை) மேசையில் நகர்த்திப் போராடும் வார்ஹாமர் 40,000 விளையாட்டின் எட்டாம் பதிப்பை (2017) எடுத்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் செய்த, அதாவது கூடுதல் தூரம் ஓடிய அணியைச் சுடுவதற்குத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று ஓரிடத்தில் இருந்தது. அசால்ட் வகைத் துப்பாக்கி வைத்திருக்கும் மாடல் அப்படி ஓடினாலும் சுடலாம் என்று இன்னோர் இடத்தில் இருந்தது. சொற்படி போனால், தேர்ந்தெடுக்கவே முடியாத அணி எப்படிச் சுடும்? அந்த அனுமதி வெறும் எழுத்தாகிவிடும். அதனால் எங்கள் மேசையில் யாரும் அப்படி ஆடவில்லை. ஒன்றுக்கும் உதவாத விதியை ஒருவர் மெனக்கெட்டு எழுதியிருக்க மாட்டார் என்று கொண்டு, ஓடியும் சுட்டோம். 2020இல் வந்த ஒன்பதாம் பதிப்பில் வாசகத்தையே திருத்திவிட்டார்கள். இங்கே நாங்கள் யாருடைய மனதையும் படிக்கவில்லை, இரண்டு வாக்கியங்களையும் சேர்த்து வைத்து இரண்டும் பிழைக்கும்படி ஒரு பொருள் கண்டோம், அவ்வளவுதான். இதற்குத் தமிழில் பெயர் இருக்கிறது.

நூல் எழுத நன்னூல் சொல்லும் முப்பத்திரண்டு உத்திகளில் கடைசி ‘உய்த்துணர வைப்பு’. வெளிப்படையாகச் சொல்லாமல், சொன்னதை வைத்துப் படிப்பவர் ஆராய்ந்து அறியும்படி வைப்பது. அந்த நூலுக்கு விருத்தியுரை எழுதிய சங்கர நமச்சிவாயர் நம் திருநெல்வேலிக்காரர், அந்த உரையைத் திருத்தித் தந்த சிவஞான முனிவர் விக்கிரமசிங்கபுரத்துக்காரர். சூத்திரத்தில் இருக்கும் நாலு சொல்லை வைத்துக்கொண்டு பொருள் காணும் வேலையை இந்த ஆற்றங்கரையில் அவ்வளவு பேர் செய்திருக்கும்போது, நாம் ‘இன்டெண்டட்’டை அகராதியில் தேடிப் பெயர்த்து வைக்க வேண்டியதில்லை. என் முன்மொழிவு ‘உய்த்துணர்வுப்படி’. நோக்கம் எழுதியவருடையது, உய்த்துணர்வது படிக்கிறவர். எந்த வழியில் அந்த முடிவுக்கு வந்தார் என்று அவரிடம் கேட்கலாம்.

இன்னொன்றும் நன்னூலிலேயே கிடைக்கிறது. ஒரு நூலில் இருக்கக் கூடாத பத்துக் குற்றங்களில் ‘மயங்க வைத்தல்’ ஒன்று, ‘மாறுகொளக் கூறல்’ ஒன்று. இரண்டு பொருளுக்கு இடம் தரும் விதியை ‘மயங்கு விதி’ என்றும், மேலே சொன்ன துப்பாக்கி விதிபோல் ஒன்றோடொன்று மோதுவதை ‘மாறுகொள் விதி’ என்றும் பிரித்துவிடலாம். ஆங்கிலத்தில் ஆடுகிறவர்கள் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டுகிறார்கள், அதனாலேயே பாதிச் சண்டை.

சின்ன வயதில் ஆச்சி வீட்டில் தாயம் ஆடுவோம். காயை வெட்டினால் மறு ஆட்டம் உண்டு. ஒரே கட்டத்தில் நின்ற இரண்டு காய்களை நான் ஒரே வீச்சில் வெட்டிவிட்டு, இரண்டு மறு ஆட்டம் வேண்டும் என்று நின்றேன். ஆச்சி, “மறு ஆட்டம் வெட்டுன கைக்குல்லா, விழுந்த காய்க்கா?” என்று கேட்டாள். விதியில் அப்படி ஒரு வரி கிடையாது. அதே சமயம் அவள் இஷ்டத்துக்குச் சொன்னதும் இல்லை, மறு ஆட்டம் எதற்குக் கொடுக்கிறோம் என்பதிலிருந்து வந்த பதில். மயங்கு விதியை உய்த்துணர்வது என்றால் எனக்கு இன்றைக்கும் ஆச்சியின் அந்தக் கேள்விதான்.

சொற்படி வாசிப்பதைத் தாழ்த்தி நான் இதைச் சொல்லவில்லை. முன்பின் தெரியாதவரோடு போட்டியில் உட்காரும்போது அது ஒன்றுதான் இருவருக்கும் பொது. வெளியூர்ப் போட்டி ஒன்றில் நடுவர், தெளிவாக எழுதியிருந்த விதியையே ‘நோக்கம் வேறு’ என்று தள்ளிவிட்டார், காரணம் கேட்டபோது சொல்லவும் இல்லை. அந்த வருத்தமும் சேர்ந்துதான் இந்தச் சொல்லுக்காக இவ்வளவு மல்லுக்கு நிற்கிறேன்.

*

தம்பி,

பொருள் சரி. ஆனால் ‘உய்த்துணர்வுப்படி’ ஆட்ட நடுவில் வாயில் நுழையுமா? பகடையைக் கையில் வைத்துக்கொண்டு இத்தனை எழுத்தையும் யார் சொல்லுவார்? ‘சொற்படி’ சட்டென்று வருகிறது, அதற்கு ஜோடியாக நிற்கிற அளவில் ஒன்று வேண்டும். ‘மயங்கு விதி’யை மறுபேச்சில்லாமல் பட்டியலில் சேர்த்துவிட்டேன். ‘மாறுகொள் விதி’யும் இருக்கட்டும்.

*

அண்ணாச்சி,

நீங்கள் சொன்னது நியாயம். எழுத்தில் ‘உய்த்துணர்வுப்படி’ இருக்கட்டும், பேச்சில் ‘சொல்’, ‘உய்த்து’ என்று சுருக்கிவிடலாமா? ஞாயிற்றுக்கிழமை நம்மூர் வண்ணார்பேட்டையில் ஆடும்போது, சுவரின் விளிம்புக்கு மேல் தலை மட்டும் தெரிந்த ஒரு மாடலைச் சுடலாமா என்று இழுபறி வந்தது. “சொல்லா, உய்த்தா?” என்று கேட்டேன். எதிரே இருந்தவர் நம் விவாதத்தைப் படித்தவர் இல்லை. அர்த்தம் கேட்கவில்லை, விதிப் பக்கத்தைத் திருப்பி ஒருமுறை பார்த்துவிட்டு, “உய்த்துதான், ஆனா எப்படின்னு நீங்க சொல்லணும்” என்றார்.