கொரியன் புல்தரையில் கோரை, அருகம்புல்: எப்படி ஒழிப்பது?

பெருந்துறையிலிருந்து கேள்வி:
வணக்கம். வாசலுக்கு முன்னால் 2 சென்ட் அளவில் கொரியன் புல் பதித்து ஒன்றரை வருடம் ஆகிறது. அம்மாவுக்கு முட்டி வலி. விடிந்ததும் வெறுங்காலோடு அதில்தான் நடப்பார். சித்திரையில் பள்ளத்தை நிரவ அரை டிராக்டர் குளத்து வண்டலைக் கொட்டிப் பரப்பினேன். ஐப்பசி மழைக்குப் பிறகு புல்லுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் ஈர்க்கு ஈர்க்காக ஏதோ கிளம்பிவிட்டது. மூன்று ஞாயிற்றுக்கிழமை குத்துக்காலிட்டுப் பிடுங்கினேன். நாலாம் நாளே முன்பைவிட அடர்த்தியாக நிற்கிறது. மதிலோரமாக அருகம்புல்லும் ஓடி வருகிறது. கடையில் 2,4-டி என்ற களைக்கொல்லியைக் கொடுத்தார்கள். அடித்ததும் பக்கத்திலிருந்த துளசி சுருண்டுவிட்டது; களை லேசாக வாடி எழுந்துகொண்டது. கொரியனைக் காப்பாற்றி இவற்றை மட்டும் ஒழிக்க வழி உண்டா?

கொடுமுடியிலிருந்து பதில்:
தம்பி, அந்த ஈர்க்கின் தண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டிப் பாருங்கள். உருளாமல் மூன்று பட்டையாகத் தடுக்கினால் அது புல் இனமே அல்ல, கோரை. எங்கள் மஞ்சள் காட்டிலும் கரும்பிலும் 20 வருடமாக அதோடு மல்லுக்கு நிற்கிறேன். வண்டலோடுதான் கிழங்கு வந்திருக்கும்.

இழுத்தால் தழை மட்டும் கையோடு வரும். கிழங்கு மண்ணிலேயே தங்கிவிடும். தங்கியது மறுபடி துளிர்க்கும், அதிலிருந்து பக்கத்துக் கிழங்கும் விழும். தண்ணீர் பாய்ச்சி மண் இளகிய பிறகு, களைக்கொத்தை ஒரு சாண் ஆழத்துக்கு இறக்கி நெம்பி எடுங்கள். எடுத்ததைக் குப்பைக்குழியில் போடவே கூடாது. சிமென்ட் தளத்தில் பரப்பி, சுருங்கிக் கல்லாகும்வரை வெயிலில் காயவிடுங்கள்.

தோண்டி மாளாது என்றால், கரும்பில் கோரைக்கு அடிக்கும் ஹாலோசல்பியூரான் மீதைல் 75 சதவீதக் குருணை இருக்கிறது. புல் இனத்தை விட்டுவிட்டுக் கோரையைப் பிடிக்கும். ஏக்கருக்கு 36 கிராம் என்பது கரும்புக்கான அளவு. உங்கள் 2 சென்டுக்கு முக்கால் கிராம்கூட வராது! தயவுசெய்து பாக்கெட்டை அப்படியே கரைத்துவிடாதீர்கள். நகை நிறுக்கும் சிறு தராசில் நிறுத்து, 3 லிட்டர் தண்ணீரில் கலந்து, மூன்று நான்கு இலைப் பருவத்தில் தெளியுங்கள். சிபாரிசு கரும்புக்குத்தான் என்பதால் முதலில் ஒரு மூலையில் மட்டும் அடித்து இரண்டு வாரம் கவனியுங்கள். அடிப்பதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் புல் வெட்ட வேண்டாம். கோரை மெதுவாகத்தான் மஞ்சளாகும், பொறுமை வேண்டும். அந்த நாட்களில் அம்மாவை அதில் நடக்க விடாதீர்கள்.

காங்கேயத்திலிருந்து பதில்:
கொடுமுடி அக்கா சொன்ன மருந்து அருகம்புல்லுக்கு உதவாது. அருகும் கொரியனும் புல் இனம். எல்லாப் பச்சையையும் கொல்லும் கிளைபோசேட் களைக்கொல்லி பட்டால் இரண்டும் சேர்ந்தே கருகும். அருகு ஓடும் இடத்தை ஓர் அடி கூடுதலாகவே சதுரமாக வெட்டிப் பெயர்த்து, மண்ணைச் சலித்துக் கணுவேர்த் துண்டுகளைப் பொறுக்கி, புதிய கொரியன் பதியுங்கள். ஒரு கணு தங்கினாலும் திரும்ப ஓடும்.

எங்கள் கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் நிலத்தில், மாடுகளுக்காகக் கொழுக்கட்டைப் புல்லை வேலி கட்டிக் காக்கிறோம். மருந்து அடித்த புல்லை வெட்டி எந்த மாட்டுக்கும் போட்டுவிடாதீர்கள். பக்கத்து வீட்டார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். இதை நான் மிகவும் வருந்திக் கேட்டுக்கொள்கிறேன்.

பெருந்துறையிலிருந்து மறுபடியும்:
உருட்டிப் பார்த்தேன், மூன்று பட்டைதான். இன்று காலை ஒரே ஒரு குத்தைப் பின்தொடர்ந்து தோண்டினேன். கறுப்பு நூல்போல ஒன்று மண்ணுக்குள் ஓடுகிறது. அதில் சுண்டைக்காய் அளவில் கறுத்த கிழங்குகள் மணி கோத்ததுபோல 11 இருந்தன. ஒன்றை நகத்தால் கீறினேன். உள்ளே வெள்ளை வெளேரென்று, ஒரு மருந்து வாசனை. இத்தனை நாளும் நான் தழையை மட்டும் கிள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன்!

கிழக்கு மூலையில் 10 அடிக்குக் கயிறு கட்டிவிட்டேன்; மருந்து அங்கே மட்டும். மற்ற இடமெல்லாம் களைக்கொத்துதான். அருகு ஓடிய மதிலோரத்தை நாளைக்கு வெட்டுகிறேன். அம்மா இப்போதைக்கு மேற்குப் பக்கம் நடக்கிறார். மிக்க நன்றி அக்கா, அண்ணா.